பிரசவ வலி தொடங்கும்போது

(மீளக்குடியேறிய குடும்பங்களின் தாய்மாருக்காகக் கல்முனையில் நடந்த கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)

 

வயிறு பெரிதாக உள்ளவர்கள் கதிரையில் இருங்கள். பாயில் இருப்பவர்கள் காலை நீட்டிக்கொள்ளலாம், கூச்சப்பட வேண்டாம். பின்னால் நிற்கிற மாமிமார், உம்மாமார் முன்னால் வாருங்கள். இந்தப் பேச்சில் பாதி உங்களுக்குத்தான். நடுச்சாமத்தில் மகளுக்கு நோவு கண்டால் முதலில் எழும்புவது நீங்கள்தானே.

நம்முடைய ஊர் வழக்கத்தை நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்கிறோம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். அதனால் மூத்த மகளுக்கு ஒரு வீடு, பக்கத்திலேயே இளைய மகளுக்கு ஒரு வீடு, நடுவில் உம்மாவின் குசினி என்று ஒரே வளவுக்குள் இருந்தோம். யாருக்காவது வயிறு நொந்தால் வேலிக்கு மேலால் ஒரு சத்தம் போட்டால் போதும், உம்மாவும் ராத்தாவும் ஓடி வருவார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் எடுத்துக்கொண்டு போனது வீடுகளை மட்டுமல்ல, அந்த வேலியையும்தான். இப்போது உம்மாவுக்கு 65 மீட்டர் வீட்டுத்திட்டத்தில் வீடு, மகளுக்கு வேறொரு திட்டத்தில் வீடு. சிலருக்கு உம்மாவே இல்லை. கொட்டிலில் இருந்த காலத்திலாவது பக்கத்துக் கொட்டிலில் யாராவது இருமினால் கேட்கும். கல்வீட்டுக்குப் போன பிறகு கதவைச் சாத்தினால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. கல்வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரசவத்துக்கு ஆயத்தமாவது முன்பு தானாக நடந்தது. இனி அதை யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்றுதான் சொல்ல வருகிறேன்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். முதல் பிரசவம். உம்மா அலையில் மௌத்தாகிவிட்டார். புது வீட்டுக்கு வந்து மூன்று கிழமை. ஒரு வியாழக்கிழமை காலையில் உடுப்பு நனைந்திருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல்ல வெட்கம். பக்கத்து வீட்டாரை இன்னும் பழக்கமில்லை. "நோகல்லயே, மூத்திரமாத்தான் இருக்கும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இரண்டு நாள் இருந்துவிட்டாள். சனிக்கிழமை குளிர்காய்ச்சல் கண்டுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைக்குக் கிருமி தொற்றியிருந்தது. அல்லாஹ்வின் உதவியால் தாயும் பிள்ளையும் தப்பினார்கள், ஆனால் பிள்ளை பல நாள் விசேட பராமரிப்புப் பிரிவில் இருந்தது. அந்த வியாழக்கிழமை அவளுக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு வசனம்தான்: தண்ணீர்க்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உம்மா இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார். உம்மா இல்லாத இடத்தில் இன்று நான் சொல்கிறேன்.

முதலாவது காரியம், நீங்கள் எங்கே குடிவந்திருக்கிறீர்கள் என்று உங்கள் பகுதி மிட்வைப்புக்குத் தெரிய வேண்டும். ஒரு மிட்வைப்புக்கு ஏறத்தாழ 3,000 பேர் உள்ள பகுதி. அவவின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தால்தான் வீடு தேடி வருவா. முகாமில் பதிந்ததுதானே என்று இருக்காதீர்கள். முகாம் வேறொருவரின் பகுதியாக இருந்திருக்கும். வந்த கிழமையிலேயே கிளினிக்குக்குப் போய் விலாசத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பிணி அட்டை தொலைந்திருந்தால் புதிதாக எழுதித் தருவார்கள், யாரும் ஏச மாட்டார்கள். ஆனால் பழைய அட்டையில் இருந்ததை நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை தங்கியது, முன்பு சத்திரசிகிச்சை செய்து எடுத்ததா, பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் அதிகம் போனதா, பிரஷர், சீனி, வலிப்பு ஏதும் இருந்ததா. கடலில் போன பிள்ளைகளையும் எண்ணிச் சொல்லுங்கள். சொல்லும்போது தொண்டை அடைக்கும், எனக்குத் தெரியும். ஆனால் இது உங்களுக்கு இரண்டாவது பிரசவமா ஆறாவது பிரசவமா என்று தெரியாமல் வைத்தியர் உங்களைப் பார்க்கக் கூடாது.

எந்த வைத்தியசாலைக்குப் போவது என்றும் இப்போதே முடிவெடுங்கள். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. சம்மாந்துறைப் பக்கம் குடிபோனவர்களுக்கு அங்கே ஒன்று. பெரிய சிக்கல் என்றால் அம்பாறைக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்புவார்கள். மட்டக்களப்பு இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர். மகப்பேற்று நிபுணர் எங்கே இருக்கிறார், இரவில் சத்திரசிகிச்சை எங்கே செய்யலாம் என்பது காலத்துக்குக் காலம் மாறும். எட்டாம் மாதக் கிளினிக்கில் இதை மிட்வைப்பிடம் கேட்டு வையுங்கள். சத்திரசிகிச்சைத் தழும்பு உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை, பிரஷர் உள்ளவர்கள் சின்ன வைத்தியசாலைக்குப் போய் அங்கிருந்து மாறுவதைவிட நேரே பெரிய இடத்துக்குப் போவது நல்லது.

பிறகு வாகனம். உங்கள் ஒழுங்கையில் ஆட்டோ வைத்திருப்பவர் யார், இரவு இரண்டு மணிக்கு எழும்புவாரா, அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்று மாப்பிள்ளையை விட்டு இன்றைக்கே பேசி வைக்கச் சொல்லுங்கள். வழியில் சோதனைச் சாவடியில் மறித்தால் கர்ப்பிணி அட்டையைக் காட்டுங்கள், அடையாள அட்டையும் கையோடு இருக்கட்டும். ஒரு பையில் இந்த அட்டைகள், விவாகச் சான்றிதழின் பிரதி, உங்களுக்கு இரண்டு மாற்றுடுப்பு, துவைத்துக் காயவைத்த சுத்தமான சீலைத்துண்டுகள், பிள்ளைக்குச் சட்டை, தொப்பி, ஒரு துவாய். இவ்வளவும் 36 கிழமையிலேயே கதவடியில் தொங்கட்டும். தலைப்பிள்ளைக்கு முன்கூட்டி உடுப்பு வாங்கக் கூடாது என்று மாமிமார் சொல்வீர்கள். சரி, வாங்க வேண்டாம், பழையதைத் துவைத்து வையுங்கள்.

இனி வலிக்கு வருவோம்.

சொன்ன திகதியில் பிள்ளை பிறப்பது நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட இராது. 37 கிழமை முடிந்து 41 வரை எப்போதும் வரலாம். கடைசி மாதத்தில் வயிறு இடைக்கிடை கல் மாதிரி இறுகி விடும். எழும்பி நடந்தால், தண்ணீர் குடித்தால், சாய்ந்து படுத்தால் அது போய்விடும். அது பொய்வலி. மெய்வலி அப்படியில்லை. இடுப்பில் தொடங்கி முன்னால் வரும், நடந்தாலும் படுத்தாலும் நிற்காது, ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வரும். இரத்தம் கலந்த சளி மாதிரி ஒன்று படும்; அது நல்ல அடையாளம்தான், பயப்பட வேண்டாம். தலைப்பிள்ளைக்காரி 5 நிமிடத்துக்கு ஒரு தரம் வலி வந்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடமளவு நின்றால் புறப்படலாம். இரண்டாவது மூன்றாவது என்றால் அவ்வளவுக்குப் பொறுக்க வேண்டாம், 10 நிமிடத்துக்கு ஒன்று என்றாலே வண்டியைக் கூப்பிடுங்கள். ஐந்து பெற்றவள் வலி ஒழுங்காகத் தொடங்கியதுமே ஏற வேண்டும். நம் பெண்களில் பலர் வழியிலே பெறுவது இதனால்தான்: "இன்னும் வேலை கிடக்கு, பிள்ளைகளுக்குச் சோறாக்கிப்போட்டுப் போறேன்" என்று நிற்பது.

வலியே இல்லாமலும் ஓட வேண்டிய நேரங்கள் உண்டு. தண்ணீர்க்குடம் உடைந்தது, அதுவும் பச்சை நிறமாக, நாற்றமாகப் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தீட்டு மாதிரி சிவப்பு இரத்தம் போனது. பிள்ளையின் துடிப்பு குறைந்தது அல்லது நின்றது. தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே நோவு, முகமும் கையும் வீங்கியது. இது பிரஷர் ஏறிய அடையாளம், அடுத்தது வலிப்பு. அந்த வலிப்பைப் பேய்க்கோளாறு என்று ஓதிப்பார்க்க இருந்து தாயைப் பறிகொடுத்த வீட்டை நான் கண்டிருக்கிறேன். ஓதுங்கள், ஆனால் வண்டியில் இருந்து ஓதுங்கள்.

வைத்தியசாலைக்குப் போனதும் என்ன நடக்கும்? பிரஷர் பார்ப்பார்கள், வயிற்றைத் தொட்டுப் பிள்ளையின் தலை எங்கே என்று பார்ப்பார்கள், பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்பார்கள். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று விரலால் பார்ப்பார்கள். இதுதான் எல்லோருக்கும் பயம். ஏறத்தாழ 4 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பார்ப்பார்கள். மூச்சை மெல்ல வெளியே விட்டு இடுப்பைத் தளர்த்தினால் நோவு குறையும், இறுக்கினால் கூடும். வாய் 10 சென்ரிமீற்றர் திறந்தால்தான் பிள்ளை வரும். தலைப்பிள்ளைக்கு இதற்குப் பன்னிரண்டு மணித்தியாலமும் எடுக்கலாம், அதற்கு மேலும் எடுக்கலாம். முதல் பாதி மெதுவாகப் போகும். "காலையிலிருந்து கிடக்கிறேன், இன்னும் 3தான் என்கிறார்கள்" என்று மனம் விட்டுப்போகாதீர்கள். பிற்பாதி வேகமாகப் போகும்.

அந்த நேரமெல்லாம் மல்லாக்காகப் படுத்திருக்கத் தேவையில்லை. நடக்க விட்டால் நடவுங்கள். படுத்தால் இடப்பக்கம் சாய்ந்து படுங்கள், பிள்ளைக்கு இரத்தம் நன்றாக ஓடும். அடிக்கடி சலம் கழியுங்கள், நிறைந்த சலப்பை பிள்ளையின் வழியை மறிக்கும். வேண்டாம் என்று சொல்லாதவரை தண்ணீர், தேத்தண்ணீர் குடிக்கலாம். வலியைத் தணிக்க ஊசி இருக்கிறது. எல்லாருக்கும் எந்த நேரமும் போட மாட்டார்கள், பிள்ளை பிறக்கும் தறுவாயில் போட்டால் பிள்ளை சோர்ந்துபோகும். ஆனால் கேட்பதில் பிழையில்லை. வலி வரும்போது நாவில் திக்ரு ஓடட்டும். நான் பார்த்தளவில், சத்தமில்லாமல் "யா அல்லாஹ்" என்று ஒவ்வொரு மூச்சோடும் விட்டவர்கள் குறைவாகக் களைத்தார்கள். கத்த வந்தால் கத்துங்கள், அதுவும் குற்றமில்லை. யாரோ ஒருவர் அதட்டக்கூடும். இரவு முழுக்க நின்று களைத்த ஒருவரின் வாயிலிருந்து வருகிற சொல் அது, மனதில் வைக்காதீர்கள். நானும் அதட்டியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

துணைக்கு ஒரு பெண் உள்ளே நிற்கலாமா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும், கேட்டுப் பாருங்கள். ஆண் வைத்தியர் வருவாரோ என்றும் பலர் கேட்கிறீர்கள். பெரும்பாலும் பிரசவம் பார்ப்பது மிட்வைப்பும் தாதியும்தான், பெண்கள். சிக்கல் வந்தால் இருக்கிற வைத்தியர் வருவார், அவர் ஆணாகவும் இருக்கலாம். உயிர் ஆபத்தில் மார்க்கம் அதற்கு இடம் தந்திருக்கிறது, உங்கள் பள்ளி ஹஸ்ரத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மூடிக்கொள்ளப் போர்வை கேளுங்கள், தருவார்கள். இதை மாப்பிள்ளையும் மாமியும் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். வாசலில் நின்று விவாதிக்கக் கூடாது.

வாய் முழுதும் திறந்த பிறகு மலம் வருவது போல முக்கத் தோன்றும். சொல்லும்வரை முக்காதீர்கள், வாய் திறக்க முன் முக்கினால் வீங்கிவிடும். சொன்னதும் வலியோடு சேர்த்து முக்குங்கள், வலி விட்டால் ஓய்வெடுங்கள். தலை தெரியும்போது "முக்காதே, ஊது" என்பார்கள். அப்போது நாய் இரைப்பது போலச் சின்ன மூச்சு விட்டால் தலை மெல்ல வரும், கிழிவது குறையும். தேவைப்பட்டால் சிறிய வெட்டு வைத்துத் தைப்பார்கள், மரக்க ஊசி போட்டுத்தான். மாமிமாருக்கு ஒரு சொல்: எந்தக் கட்டத்திலும் வயிற்றை மேலிருந்து அமுக்கக் கூடாது. முன்பு மருத்துவிச்சி செய்ததைப் பார்த்திருப்பீர்கள். அதில் கருப்பை வெடித்த தாய்மார் உண்டு.

பிள்ளை வந்ததும் வேலை முடியவில்லை. எனக்கு எப்போதும் பயம் இதற்குப் பிறகு வரும் ஒரு மணித்தியாலம்தான். பிள்ளை பிறந்த உடனே தொடையில் ஓர் ஊசி போடுவார்கள். அது கருப்பையை இறுக்கி இளங்கொடியைத் தள்ளி இரத்தத்தை நிறுத்தும். அரை மணித்தியாலத்துக்குள் கொடி விழ வேண்டும். நான்கு ஐந்து பெற்றவர்களுக்குக் கருப்பை சோர்ந்து இறுகாமல் போகலாம். அப்போது இரத்தம் குழாயைத் திறந்துவிட்டது போலப் போகும். வீட்டில் அதை நிறுத்த யாராலும் முடியாது. கடலில் பிள்ளைகளைக் கொடுத்து, நாற்பதை அண்டிய வயதில் மறுபடி உண்டாகியிருக்கிற தாய்மார் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன், வீட்டில் பெறும் எண்ணமே வேண்டாம்.

"நாங்க ஒம்பது பெத்தது வீட்டிலதான்" என்று உம்மம்மா ஒருவர் சொல்கிறார். உண்மை. ஆனால் தப்பியவர்கள்தானே இன்று நம்மோடு இருந்து அதைச் சொல்கிறார்கள். 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு லட்சம் பிள்ளை பிறந்தால் ஆயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். இன்று அது ஐம்பதுக்கும் குறைவு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, மிட்வைப் வீடு தேடிப் போகும் முறையை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். பிறகு பிரசவங்கள் வைத்தியசாலைக்கு மாறின, இரத்தம் ஏற்றும் வசதி வந்தது. மருந்து மட்டும் செய்த வேலையல்ல இது.

வழியிலேயே பிள்ளை வந்துவிட்டால்? வண்டியை நிறுத்துங்கள். துணைக்கு வந்தவர் கையைக் கழுவ முடிந்தால் கழுவட்டும். பிள்ளையை இழுக்கக் கூடாது, வருகிறதைத் தாங்கிக்கொள்ளுங்கள். துவாயால் நன்றாகத் துடைத்து, ஈரத் துவாயை எறிந்துவிட்டு, உம்மாவின் வெறும் நெஞ்சில் போட்டு இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். கொடியை வெட்ட வேண்டாம், பிளேட்டைத் தேட வேண்டாம். இளங்கொடியை இழுக்கவே கூடாது. தானாக விழுந்தால் பையில் போட்டுப் பிள்ளையோடே கொண்டுவாருங்கள். பாலைக் கொடுங்கள், அது கருப்பையையும் இறுக்கும். பிறகு வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

சத்திரசிகிச்சை என்றால் ஏன் என்று கேளுங்கள், விளங்கினால் தாமதிக்காமல் கையெழுத்து வையுங்கள். வாப்பா வரட்டும், காக்கா வரட்டும் என்று காத்திருந்து நேரம் போகக் கூடாது.

பிள்ளையை நெஞ்சில் வைத்து முதல் மணித்தியாலத்துக்குள் பால் கொடுங்கள். மஞ்சளாக வரும் கடும்புப்பாலைப் பிழிந்து ஊற்றாதீர்கள், அதுதான் பிள்ளையின் முதல் மருந்து. 6 மாதத்துக்கு வேறொன்றும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். தஹ்னீக் பற்றிக் கேட்பீர்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. தேன் வேண்டாம் என்பது மட்டும் என் சொல். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேனிலுள்ள ஒரு கிருமி கைகால் சோர்ந்து மூச்சடைக்கும் நோயைக் கொண்டுவரக்கூடும். பாங்கு சொல்ல வாப்பாவைப் பார்வையாளர் நேரத்தில் வரச் சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லலாம். கிளம்பும் முன் பீ.சீ.ஜீ. ஊசி போட்டார்களா, பிள்ளையின் பதிவேட்டுப் புத்தகம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். விவாகச் சான்றிதழ் கடலோடு போயிருந்தால் பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பிரதி எடுக்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள். அது இல்லாமல் வாப்பாவின் பெயரைப் பதிவதில் இழுபறி வரும், பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்து பத்து நாளுக்குள் மிட்வைப் இரண்டு தரம் வருவா. நாற்பது நாள் வெளியே போகக் கூடாது என்று இருப்பவர்கள் இருங்கள், ஆனால் காய்ச்சல், நாற்றமுள்ள படுதல், மணித்தியாலத்தில் ஒரு சீலை நனையும் இரத்தம், கெண்டைக்கால் வீங்கி நோவு என்றால் நாற்பதைப் பார்க்காதீர்கள். காரணமில்லாமல் அழுகை, பிள்ளையைத் தூக்க மனமில்லாமை, இரவில் கடல் இரைகிறது என்று எழும்பி நடப்பது, இதுவும் சொல்ல வேண்டிய வருத்தம்தான். முதல் சில நாள் அழுகை எல்லோருக்கும் வரும். இரண்டு கிழமை தாண்டினால் மிட்வைப்பிடம் சொல்லுங்கள்.

இனித் தேத்தண்ணீர் வருகிறது. அட்டை கொண்டுவந்தவர்கள் அந்த ஜன்னலடிக்கு வாருங்கள், ஒவ்வொருவருடையதையும் நான் பார்க்கிறேன். அட்டை இல்லாதவர்கள் முதலில் வாருங்கள். ஒரே வீட்டுத்திட்டத்துக்குப் போகிறவர்கள் போக முன் ஒருவரோடொருவர் வீட்டு இலக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.